மூன்று கிலோ கோழிக்கான காரம்

கரண்டி நுனியில் தொட்டு, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தேன். ஒரு நொடி ஒன்றும் தெரியவில்லை. அடுத்த நொடி நாக்கு, அதற்கடுத்து தொண்டை, அப்புறம் இரண்டு காதும். பிறகு விக்கல். விருதுநகரில் வத்தல் மண்டிகள் இருக்கிற தெருவில் பிறந்து வளர்ந்தவன் நான். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மூட்டை பிரிக்கிற நெடியில் தும்மிக்கொண்டே வீடு சேர்ந்தவன். அப்படிப்பட்ட எனக்கே விக்கல் வருகிறது என்றால், அடுப்பில் இருந்தது குழம்பு இல்லை என்று அர்த்தம்.

மணி மாலை ஐந்தே முக்கால். சட்டியில் ஒரு கிலோ நாட்டுக்கோழி. மயிலாடுதுறையிலிருந்து மாமனாரும் மாமியாரும் ரயிலில் வந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களைக் கூட்டிவர மனைவியும் மகளும் தாம்பரம் ஸ்டேஷனுக்குக் கிளம்பிப் போய்விட்டார்கள். ஊருக்கு வரும்போதெல்லாம் "ஒரு நாள் மாப்பிள்ளை கையால கோழிக்குழம்பு சாப்பிடணும்" என்று மாமா சொல்லிக்கொண்டே இருப்பார். போன மாதம் வயிற்றில் புண் என்று டாக்டரிடம் போய், காரத்தைக் குறைக்கச் சொல்லித் திரும்பியிருந்தார். அதையும் மனைவி வாசலில் செருப்பு மாட்டும்போது இன்னொரு தடவை சொல்லிவிட்டுத்தான் போனாள். "காரம் பார்த்துப் போடுங்க."

பார்த்துத்தான் போட்டேன். சம்படத்தைத்தான் பார்க்கவில்லை.

அம்மா வருஷத்துக்கு ஒரு தடவை, சித்திரை வெயிலில், வத்தலும் மல்லியும் காயப்போட்டு மில்லில் கொடுத்து அரைத்து அனுப்புவார். இரண்டு எவர்சில்வர் சம்படம். ஒன்றில் குழம்புப் பொடி, மற்றதில் வெறும் வத்தல் பொடி. சென்னையில் மிளகாய்த்தூள் என்பார்கள், எங்கள் பக்கம் வத்தல் பொடிதான். இரண்டு சம்படமும் ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே அளவில் வாங்கியவை. ஒன்றின் மூடியில் லேசான நெளிவு இருக்கும். நெளிந்த மூடி எந்தப் பொடி என்பது என் மனைவிக்குத் தெரியும். எனக்கும் தெரியும் என்று அன்றைக்கு வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

நிறத்தைப் பார்த்தாவது கண்டுபிடித்திருக்க வேண்டும். குழம்புப் பொடி மண் நிறத்தில் இருக்கும், வத்தல் பொடி ரத்தச் சிவப்பு. ஸ்பூனில் அள்ளும்போதே சிவப்பாக இருந்ததைக் கண் பார்த்தது. ஆனால் 'இந்த வருஷம் அம்மா நல்ல வத்தலாக வாங்கியிருக்கிறார் போல' என்று மனசு அதற்கு ஒரு சமாதானம் சொல்லி, நாலு ஸ்பூனையும் குவித்துப் போட வைத்துவிட்டது. தப்பு செய்கிற நேரத்தில் மூளை எவ்வளவு வேகமாக வக்காலத்து வாங்குகிறது பாருங்கள்.

முதலில் செய்தது தண்ணீர் குடித்தது. எரிச்சல் நாக்கிலிருந்து உதட்டுக்கும் பரவியது. மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின் தண்ணீரில் அநேகமாகக் கரையாது. எண்ணெயில் கரையும், கொழுப்பில் கரையும், சாராயத்தில் கரையும். எண்ணெய் பட்ட கையைச் சோப்பு இல்லாமல் குழாயில் காட்டினால் என்ன ஆகுமோ அதுதான் காரம் பட்ட வாயைத் தண்ணீரில் கொப்புளிப்பதும். இது எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் குடித்தேன்.

இரண்டாவதாகச் செய்ததைச் சொல்ல இன்னும் வெட்கமாக இருக்கிறது. போனை எடுத்து ஒரு சமையல் வீடியோவைப் பார்த்து, இரண்டு உருளைக்கிழங்கைத் தோல் சீவி, நாலாக வெட்டி, குழம்புக்குள் போட்டேன். உருளைக்கிழங்கு காரத்தை 'உறிஞ்சிக்கொள்ளும்' என்று அந்தப் பெண்மணி அவ்வளவு நிச்சயமாகச் சொன்னார். கால் மணி நேரம் கழித்து ருசி பார்த்தேன். மறுபடியும் விக்கல்.

அப்புறம்தான் அம்மாவைக் கூப்பிட்டேன்.

"எந்தச் சம்படத்தை எடுத்த?"

"மூடி நெளிஞ்சிருக்குமே, அது."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு சிரிப்பு. அருகில் இருந்த சித்தியிடம் விஷயத்தைச் சொல்லி, அவர் சிரித்து முடிக்கிற வரைக்கும் நான் காத்திருந்தேன். "டேய், அது வத்தப்பொடிடா. எத்தனை போட்ட?"

"சாப்பிடுற ஸ்பூன்ல நாலு. குமிச்சு."

"நாலா!" என்றவர் உடனே கணக்கில் இறங்கிவிட்டார். எங்கள் வீட்டுக் குழம்புப் பொடிக்கு ஒரு கிலோ மல்லிக்கு அரைக்கிலோ வத்தல். மிளகும் சீரகமும் நூறு நூறு கிராம். கொஞ்சம் சோம்பு, வெந்தயம், விரலி மஞ்சள், இரண்டு கைப்பிடி துவரம்பருப்பு. மொத்தத்தில் வத்தல் மூன்றில் ஒரு பங்குகூட வராது. நாலு ஸ்பூன் குழம்புப் பொடி போட வேண்டிய இடத்தில் நாலு ஸ்பூன் வத்தல் பொடி போட்டிருக்கிறேன். "மூணு கிலோ கறிக்கான உறைப்பை ஒரு கிலோவுல போட்டிருக்க. மீதி ரெண்டு கிலோவுக்கு எங்க போவ?" என்றார்.

"உருளைக்கிழங்கு போட்டிருக்கேம்மா."

"எதுக்கு?"

"காரத்தை இழுத்துக்குமாம்."

"இழுத்துக்கும். உருளைக்கிழங்கும் சேந்து உறைக்கும்."

இதைவிடச் சுருக்கமாக இந்த விஷயத்தைச் சொல்ல முடியாது. உருளைக்கிழங்குக்குக் காரத்தை மட்டும் தேர்ந்தெடுத்து எடுக்கத் தெரியாது. குழம்பு எப்படி இருக்கிறதோ அப்படியே கொஞ்சத்தைத் தனக்குள் இழுத்துக்கொள்ளும். வெளியே மிச்சமிருக்கிற குழம்பின் காரம் அப்படியேதான் இருக்கும், அளவு மட்டும் கொஞ்சம் குறையும். சோறு, மாவு உருண்டை, ரொட்டித் துண்டு, எதைப் போட்டாலும் இதே கதைதான். உப்பு கூடினால் மாவு உருண்டை போடுவார்களே, அதற்கும் இதே பதில்தான். கிழங்கைச் சேர்த்துச் சாப்பிடும்போது ஒரு வாய்க்கு உண்டான குழம்பு குறைகிறது. அதைத்தான் காரம் இறங்கியதாக எடுத்துக்கொள்கிறோம். சாப்பிடுகிறவர் கிழங்கை ஒதுக்கிவைத்துவிட்டால் அந்தப் பலனும் இல்லை.

"சரி, அடுப்பை அணை," என்றார் அம்மா. "எண்ணெய் மெதக்குதா?"

மிதந்தது. நாட்டுக்கோழி என்பதால் நல்லெண்ணெய் தாராளமாக விட்டிருந்தேன். கோழியின் கொழுப்பும் உருகிச் சேர்ந்திருந்தது. கொதித்துக்கொண்டிருந்த வரை எண்ணெய் எது குழம்பு எது என்று தெரியவில்லை. அடுப்பை அணைத்து, சட்டியின் ஒரு பக்கத்தில் துணியை மடித்து முட்டுக் கொடுத்து, லேசாகச் சாய்த்து வைத்தேன். குமிழிகள் ஒவ்வொன்றாக அடங்கின. ஐந்து நிமிஷத்தில் சாய்ந்த பக்கமாக எண்ணெய் ஒதுங்கி நின்றது. அப்படி ஒரு சிவப்பு! விளக்கு வெளிச்சம் பட்டுக் கண்ணாடி மாதிரி இருந்தது.

"அந்த எண்ணெயை எடு. குழம்பைக் கலக்காம எடு."

இதற்கு ஒரு கைப்பக்குவம் இருக்கிறது. கரண்டியை உள்ளே அமுக்கினால் எண்ணெயோடு குழம்பும் ஏறிவிடும். குழிக்கரண்டியின் அடிப்பாகத்தை மேல்பரப்பில் படிய வைத்து, ஒரு ஓரத்தை மட்டும் மயிரிழை அளவுக்குக் கீழே தாழ்த்தினால், எண்ணெய் தானாக வழிந்து கரண்டிக்குள் இறங்கும். முதல் இரண்டு தடவை குழம்பையும் சேர்த்து அள்ளினேன். மூன்றாவது தடவையிலிருந்து கை பழகிவிட்டது. ஒரு கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டே வந்தேன். அரை டம்ளருக்குக் கொஞ்சம் குறைவாகக் கிடைத்தது.

அம்மாவுக்குக் கேப்சைசின் என்ற பேரெல்லாம் தெரியாது. ஆனால் காரம் எங்கே போய் ஒளிந்துகொள்ளும் என்று தெரிந்திருக்கிறது. சட்டியில் இருக்கிற மொத்தக் காரத்தில் பெரும்பங்கு அந்த எண்ணெயில்தான் கரைந்திருக்கும். மிளகாய் நிறமும் எண்ணெயில்தான் கரையும் என்பதால், எண்ணெய் எவ்வளவு சிவப்போ அவ்வளவு காரம் அதில் ஏறியிருக்கிறது என்று ஓரளவுக்குக் கண்ணாலேயே சொல்லிவிடலாம். ஆனால் இது ஒரே பொடியை வைத்துப் பேசும்போது மட்டும். பியாடகி மிளகாய் மாதிரி நிறம் மட்டும் கொடுத்துக் காரம் கொடுக்காத ரகங்கள் உண்டு. எங்கள் வீட்டுப் பொடியில் நீள சம்பா வத்தல் காரத்துக்கு, ராமநாதபுரம் குண்டு வத்தல் வாசத்துக்கு. 2023ல் புவிசார் குறியீடு வாங்கியதே, அந்தக் குண்டு வத்தல்தான்.

ஒரு விஷயம் இங்கே சொல்லிவிட வேண்டும். 'நன்றாகக் கொதிக்கவிட்டால் காரம் அடங்கிவிடும்' என்று நிறையப் பேர் சொல்வார்கள். அடங்காது. குழம்பு கொதிக்கிற சூட்டில் கேப்சைசின் அவ்வளவு சுலபமாக அழியாது. தண்ணீர்தான் ஆவியாகிப் போகும், காரம் இன்னும் இறுகும். கொதிக்கக் கொதிக்க எண்ணெய் பிரிந்து மேலே வருகிறதே, அதை எடுத்தால் மட்டும்தான் கொதிக்கவிட்டதற்குப் பலன்.

எண்ணெய் எடுத்த பிறகு ருசி பார்த்தேன். விக்கல் வரவில்லை. மூக்கில் தண்ணீர் வந்தது. முன்னேற்றம்தான்.

அடுத்து அம்மா சொன்னது எனக்குத் தோன்றியே இருக்காது. "இப்போ கறியை எல்லாம் அள்ளி வேற சட்டியில போடு. குழம்புல பாதியை எடுத்து ஒதுக்கி வை."

"பாதியையா?"

"பாதியைத்தான். இருக்கிற குழம்பு முழுசையும் சரி பண்ணணும்னா நீ அண்டாவுலதான் வைக்கணும்."

நாம் எல்லாரும் தடுக்கி விழுகிற இடம் இது. காரம் கூடிவிட்டால் சட்டியில் இருக்கிற முழுக் குழம்பையும் காப்பாற்றப் பார்ப்போம். ஒரு டம்ளர் தண்ணீர், போதவில்லை, இன்னொரு டம்ளர், கொஞ்சம் தேங்காய், இன்னொரு தக்காளி. கடைசியில் காரமும் குறையாமல், குழம்பும் குழம்பாக இல்லாமல், சட்டி விளிம்பு வரை ஏதோ ஒன்று தளும்பிக்கொண்டு நிற்கும். பாதியை முதலிலேயே எடுத்துவிட்டால் சேர்க்க வேண்டிய எல்லாவற்றிலும் பாதி போதும். ஒதுக்கிய பாதி வீணும் இல்லை. அது காரம் கூடிய குழம்பு என்று நினைத்தால்தான் கவலை, இன்னொரு நாள் சமையலுக்கு முன்கூட்டியே அரைத்து வதக்கி வைத்த மசாலா என்று நினைத்தால் லாபம்.

கறித்துண்டு ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டேன். வெளியே எரிந்தது, உள்ளே வெறும் கோழி. நாட்டுக்கோழி சீக்கிரம் எதையும் உள்ளே விடாது. அது நல்லதாகப் போயிற்று. இதுவே முதல் நாள் பொடி தடவி ஊறவைத்த கறியாக இருந்திருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது.

"இப்போ சொல்லு, குழம்புல என்ன குறையுது?"

"காரம் கூடியிருக்கும்மா."

"அது தெரியும். என்ன குறையுதுன்னு கேக்குறேன்."

ஒரு நிமிஷம் யோசித்தேன். மல்லி! குழம்புப் பொடிக்குப் பதில் வத்தல் பொடி போட்டேன் என்றால், வத்தல் கூடியது மட்டும் இல்லை, மல்லியே விழவில்லை. சீரகம் இல்லை, சோம்பு இல்லை. குழம்பு தண்ணீராக ஓடியதற்கும் அதுதான் காரணம், மல்லிப்பொடிதானே குழம்புக்குக் கெட்டி கொடுக்கிறது. நான் ஒரு மணி நேரமாகக் காரத்தை எப்படி எடுப்பது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவோ வராமல் போனது எது என்று பார்த்தார். வராமல் போனதைப் போட்டால் காரம் தன் பங்குக்கு வந்துவிடும்.

இந்த யோசனை எல்லாக் குழம்புக்கும் பொருந்துகிறது என்று பிற்பாடு கவனித்தேன். சாம்பார் உறைத்தால் பருப்பு போதவில்லை என்று அர்த்தம், கொஞ்சம் வேகவைத்துக் கடைந்து ஊற்ற வேண்டும். சட்னி உறைத்தால் பொட்டுக்கடலையோ தேங்காயோ. பொரியலுக்குத் தேங்காய்த் துருவல், அதைக்கூட அடுப்பை அணைத்த பிறகு தூவினால் போதும். குருமாவுக்கு முந்திரியோ கசகசாவோ அரைத்த விழுது. வத்தக்குழம்புக்கு மட்டும் ஒரு துண்டு வெல்லமும் மேலே நல்லெண்ணெயும். மீன்குழம்பில் வெல்லம் போடச் சொல்கிறவர்களை நான் வீட்டுக்குள் சேர்ப்பதில்லை. ரசம் உறைத்தால் பருப்புத் தண்ணீர். தொக்கும் ஊறுகாயும் உறைத்தால் ஒன்றும் செய்ய வேண்டாம், குறைத்துத் தொட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

இனி அடுப்பு. வாணலியில் ஒரு ஸ்பூன் நெய், பதினைந்து சின்ன வெங்காயம். கரிய விடாமல், அவசரப்படாமல், ஓரம் பொன்னிறமாகும் வரை வதக்கினேன். சின்ன வெங்காயத்தின் இனிப்பு அப்போதுதான் வெளியே வரும். கறிக்குழம்பில் சர்க்கரையோ வெல்லமோ போடுவதற்கு இது எவ்வளவோ மேல். அதில் ஒரு தக்காளி. தீயைச் சிம்மில் வைத்து, மூன்று ஸ்பூன் மல்லிப்பொடி, அரை ஸ்பூன் சீரகப்பொடி, கொஞ்சம் சோம்புப்பொடி. பச்சை வாசனை போகாமல் மல்லிப்பொடியை நேராகக் குழம்பில் கொட்டினால் வைக்கோல் வாடை அடிக்கும், அதனால் இங்கேயே வதக்கிவிட வேண்டும். இதைக் குழம்பில் கொட்டி, இரண்டு டம்ளர் வெந்நீர் விட்டு, கறியைத் திருப்பிப் போட்டுப் பத்து நிமிஷம் கொதிக்கவிட்டேன். கடைசியில் அரை மூடித் தேங்காயில் எடுத்த கெட்டிப்பால். பால் விட்டதும் ஒரு கொதிக்கு முன்னாலேயே இறக்கிவிட்டேன், கொதித்தால் திரிந்துபோகும்.

தேங்காய்ப்பாலுக்கு இரண்டு வேலை. அதிலிருக்கிற கொழுப்பில் காரம் கொஞ்சம் போய் அடைக்கலமாகும். அதோடு நாக்கில் ஒரு படலமும் போடும். இலங்கைத் தமிழர் வீடுகளில் உறைப்பான கறிக்குப் பக்கத்தில் சொதி வைப்பார்கள். எங்கள் பக்கம் திருநெல்வேலியிலும் சொதி உண்டு. ஒரே சாப்பாட்டில் எரிகிறதும் அணைக்கிறதும் பக்கத்துப் பக்கத்தில்.

எலுமிச்சை பிழியச் சொல்கிறவர்கள் உண்டு. நான் பார்த்த வரையில் புளிப்பு கவனத்தைத் திருப்புகிறது, அவ்வளவுதான். ஏற்கெனவே வெந்துபோன நாக்கில் எலுமிச்சை பட்டால் என்ன ஆகும் என்று அன்றைக்கே சோதித்தும் பார்த்துவிட்டேன். வேண்டாம்.

உப்பை மறக்கக் கூடாது. வெந்நீரும் பாலும் சேர்ந்ததில் உப்பு கீழே இறங்கியிருந்தது. உப்பு இல்லாத குழம்பில் மிச்சக் காரம் துருத்திக்கொண்டு தெரிகிறது. கால் ஸ்பூன் போட்டதும் எல்லாம் சேர்ந்து உட்கார்ந்தது.

காரத்தை அளக்கிற முறையே இந்த நீர்க்கவைக்கிற வேலைதான் என்பது எனக்குப் பிடித்த வேடிக்கை. 1912ல் அமெரிக்காவில் வில்பர் ஸ்கோவில் என்ற மருந்தியலாளர் மிளகாய்ச் சாற்றைச் சர்க்கரைத் தண்ணீரில் கலந்து ஐந்து பேருக்குக் குடிக்கக் கொடுத்தார். உறைக்கிறது என்றால் இன்னும் தண்ணீர், இன்னும் தண்ணீர். உறைப்பே தெரியாமல் போகிற வரைக்கும் எத்தனை மடங்கு நீர்க்க வேண்டியிருந்ததோ அதுதான் அந்த மிளகாயின் எண். ஆந்திராவின் குண்டூர் சன்னம் மிளகாய்க்கு 35,000 முதல் 40,000 வரை சொல்வார்கள். அதாவது அதன் சாற்றை அத்தனை மடங்கு நீர்க்க வேண்டும். நான் இரண்டு டம்ளர் வெந்நீர் ஊற்றிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன்.

ஏழேகாலுக்கு வந்துவிட்டார்கள். மாமா கதவைத் தாண்டியதுமே மூக்கை உறிஞ்சி, "வாசனை தெருமுனை வரைக்கும் வருது மாப்பிள்ளை," என்றார். தெருமுனை வரைக்கும் போனது எண்ணெய் எடுப்பதற்கு முந்தைய நெடியாக இருக்க வேண்டும். மனைவி நேராகச் சமையலறைக்குள் போனாள். அவள் முதலில் பார்த்தது அடுப்பை இல்லை, மேடையில் மூடி திறந்து கிடந்த சம்படத்தை. பிறகு கிண்ணத்தில் இருந்த சிவப்பு எண்ணெயை. பிறகு என்னை. ஒன்றும் சொல்லவில்லை. ஃபிரிட்ஜைத் திறந்து தயிர்ப் பாத்திரத்தை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"உடனே சூடா போட்டுடலாமா?" என்று மாமியார் கேட்டபோது, "கொஞ்சம் ஆறட்டும் அத்தை," என்றேன். இதற்கும் காரணம் இருக்கிறது. நாக்கில் கேப்சைசின் போய்த் தட்டுகிற கதவு, சூட்டை உணர்வதற்காக உடம்பு வைத்திருக்கிற அதே கதவு. சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டால் திறந்து 'சுடுகிறது' என்று மூளைக்குச் சொல்லி அனுப்பும். மிளகாய் பட்டாலும் அதையேதான் சொல்லும். எரிகிறது என்று நாம் சொல்வது பேச்சுவழக்கு மட்டும் இல்லை, நரம்புக்கு இரண்டும் ஒன்றுதான். 1997ல் சான் பிரான்சிஸ்கோவில் டேவிட் ஜூலியஸ் என்ற விஞ்ஞானியின் குழுவினர் இந்தக் கதவை, அதாவது நரம்பில் இருக்கிற இந்த ஏற்பியை, கண்டுபிடித்தார்கள். அதற்கு 2021ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. கொதிக்கக் கொதிக்கப் பரிமாறினால் சூடும் காரமும் ஒரே கதவைச் சேர்ந்து தள்ளும். இளஞ்சூட்டில் பரிமாறினால் காரம் மட்டும் தள்ளும். செலவே இல்லாமல் காரத்தைக் குறைக்கிற வழி இதுதான், ஆனால் யாரும் செய்வதில்லை. நமக்குக் குழம்பு ஆவி பறக்க வேண்டும்.

இதே காரணத்தால்தான் "கடைசியில ஒரு மிளகு ரசம் வெச்சா வயிறு சரியாயிடும்" என்று மாமியார் சொன்னதையும் பதறித் தடுத்தேன். மிளகின் காரமும் அதே கதவைத்தான் தட்டும். அதுவும் ஆவி பறக்கிற ரசம். எரிகிற வீட்டில் அடுப்பு பற்றவைக்கிற கதை.

சாப்பாடு நன்றாகவே போனது. மாமா இரண்டாவது தடவை குழம்பு வாங்கினார். நெற்றியில் பொடிப்பொடியாக வியர்த்திருந்தது, துண்டால் துடைத்துக்கொண்டார். "உங்க ஊர்க் குழம்புன்னா பயந்துட்டேதான் வந்தேன். பரவால்ல, சாந்தமாத்தான் இருக்கு," என்றார். சாந்தம்! நான் மனைவியைப் பார்க்கவில்லை.

பிரச்சினை மகள் வழியாக வந்தது. அவளுக்கு உருளைக்கிழங்கு என்றால் உயிர். கறியை ஒதுக்கிவிட்டுக் குழம்புக்குள் கரண்டி விட்டுத் துழாவி, ஒரு பெரிய துண்டைத் தேடி எடுத்து முழுதாக வாயில் போட்டுக்கொண்டாள். அந்தக் கிழங்கை நான் சுத்தமாக மறந்திருந்தேன். எண்ணெய் எடுப்பதற்கு முன்னால், முழுக் காரத்தில் கால் மணி நேரம் வெந்து ஊறிய கிழங்கு. குழம்பு சாந்தமாகிவிட்டது, கிழங்கின் நடுவில் இருந்தது சாந்தமாகவில்லை. கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டு சொம்பைத் தேடினாள்.

"தண்ணி வேணாம், தயிர்," என்று ஒரு கரண்டி தயிரை அவள் வாயில் வைத்தேன். பால், தயிர் விஷயத்தில் மட்டும் ஊர்ப் பேச்சும் ஆராய்ச்சியும் ஒத்துப்போகின்றன. 2019ல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 72 பேருக்குக் காரமான தக்காளிப் பானத்தைக் கொடுத்து, அதன் மேல் ஏழு வகைப் பானங்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். பாலும், சர்க்கரை போட்ட பழச்சுவைப் பானமும் நன்றாக அடக்கின. கொழுப்பு எடுத்த பாலும் கொழுப்புள்ள பாலுக்குச் சமமாக வேலை செய்தது. அப்படியென்றால் கொழுப்பு மட்டும் காரணமில்லை, பாலின் புரதத்துக்கும் பங்கு இருக்கிறது. தயிர் கிடைக்காத இடத்தில் ஒரு ஸ்பூன் சர்க்கரையை நாக்கில் வைப்பதும் சும்மா இல்லை என்று ஆகிறது.

மகள் இரண்டாவது கரண்டி தயிரைத் தானே எடுத்துக்கொண்டாள். அப்புறம் தட்டில் மிச்சமிருந்த கிழங்குகளை ஒவ்வொன்றாக எடுத்து என் தட்டுக்கு மாற்றினாள். யார் போட்டது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

இரவு பாத்திரம் கழுவி முடித்ததும் அம்மா போன் செய்தார். மாமா என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. "அந்த எண்ணெயைக் கொட்டிடலையே?" என்றார். கொட்டவில்லை. ஒதுக்கிய பாதிக் குழம்பும் டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் இருந்தது.

அந்தக் குழம்பை இரண்டாகப் பிரித்தேன். முதல் பாதியில் மறு வாரம் இரண்டு தக்காளியும் மல்லிப்பொடியும் சேர்த்து முட்டைக்குழம்பு. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, மீதியோடு ஒரு கிலோ பிராய்லர் கோழி வாங்கி, வத்தல் பொடி ஒரு சிட்டிகைகூடப் போடாமல் ஒரு குழம்பு. காரம் கச்சிதமாக இருந்தது. அம்மாவின் மூன்று கிலோக் கணக்கில் முட்டையை எப்படிச் சேர்ப்பது என்பது மட்டும் எனக்கும் மனைவிக்கும் இன்னும் தீரவில்லை. பன்னிரண்டு முட்டை ஒரு கிலோ கோழிக்குச் சமம் என்பது என் கட்சி.

எண்ணெய் கிண்ணத்தோடு ஃபிரிட்ஜில் உறைந்து நின்றது. ஒரு நாள் அதில் ஒரு ஸ்பூன் எடுத்து உருளைக்கிழங்கு வறுத்தேன். மகளிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன், இது அந்தக் கிழங்கு இல்லை என்று. ஒரு துண்டை நகத்தால் கிள்ளி, நாக்கு நுனியில் வைத்துப் பார்த்து, கொஞ்ச நேரம் காத்திருந்து, பிறகுதான் தட்டை நீட்டினாள்.

மிச்ச எண்ணெய் முட்டை தோசைக்கு.